தாசில்தார் ஏற்காத மைனா

தாமோதரசாமி புளுகத் தொடங்குவதற்கு முன் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பார். சிறிய புளுகு என்றால் அது ஒரு சாண் நகரும். பெரிய புளுகு என்றால் சுவரில் போய் இடிக்கும். பிறவியிலிருந்தே பார்வையில்லாத சென்னியப்பனுக்கு அந்தக் கிறீச்சொலி போதும். உடனே தேநீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்போவதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது.

"என்ற கை பட்டு பில்டு ஆகாத பொதின்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாதுங் அம்மிணி," என்றார் தாமோதரசாமி.

அவர் 'அம்மிணி' என்றது ரெஜினாவை. இடம், கோவை கணபதியில் கிரைண்டர் செய்யும் பட்டறையின் மாடி அறை. கூடியிருந்த நால்வரும் 'நொய்யல்' என்ற இயங்குதளத்தைச் சம்பளமில்லாமல் பேணுகிறவர்கள். அந்த இயங்குதளத்தோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் ஒரே தொகுப்பாகப் போகும். ஒவ்வொன்றையும் அதன் மூல நிரலிலிருந்து கட்டி, யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளும்படி பொட்டலமாக்கி வைப்பது இவர்கள் வேலை. அந்தப் பொட்டலத்துக்குப் பொதி என்று பெயர். கட்டுவதற்குத் தமிழில் நல்ல சொற்கள் இருந்தும் எல்லாரும் பில்டு என்றே சொன்னார்கள்.

பில்டு செய்வதற்கென்று அறையின் மூலையில் ஒரு கணினி இருந்தது. அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் எளிது. ஒவ்வொரு பொதியையும் அது துடைத்து வைத்த வெற்றிடத்தில் புதிதாகக் கட்டும். எவையெல்லாம் வேண்டும் என்று பொதியின் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறதோ, அவற்றை மட்டுமே எடுத்துக் கொடுக்கும். எழுதாமல் விட்ட ஒன்று பக்கத்து அலமாரியிலேயே இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடும். தெரிந்தவர், வேண்டியவர் என்ற பேச்சே அதனிடம் எடுபடாது.

அன்று தாசில்தார் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த விண்ணப்பம் மைனாவினுடையது.

மைனா, திரையில் உள்ள தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். சென்னியப்பன் கல்லூரியில் வரலாறு நடத்துபவர். செய்தித்தாள், தேர்வுத்தாள், முதல்வரின் சுற்றறிக்கை, மைத்துனரின் வாட்ஸப் அறிவுரை எல்லாமே அவருக்கு மைனாவின் குரலில்தான் வந்து சேரும். மற்றவர் காதில் சிட்டுக்குருவிச் சண்டை போல விழும் வேகத்தில் அதை ஓடவிட்டு, இடையில் சிரிக்கவும் செய்வார். நொய்யலின் புதிய பதிப்புக்கான பட்டியலை ரெஜினா அன்று மாலை ஆறு மணிக்கு மூடியாக வேண்டும். அதற்குள் பில்டு ஆகாத பொதி எதுவாயினும் வெளியே. பழைய மைனா புதிய பதிப்பில் ஓடாது. கல்லூரியின் கணினிகளிலெல்லாம் அடுத்த வாரமே புதிய பதிப்பு ஏறிவிடும். அடுத்த பட்டியல் திறக்க ஆறு மாதம். அதுவரை சென்னியப்பனின் மேசை மேல் ஓர் ஊமைப் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

மைனாவைப் பேணும் பொறுப்பு தாமோதரசாமியுடையது. சில வாரங்களுக்கு முன் அதைப் புதுப்பித்தவரும் அவர்தான்.

"உங்க கை பட்டுத்தாங்ணா இது நின்னு போச்சு," என்றார் சென்னியப்பன்.

"என்ற வூட்டு சிஸ்டத்துல கிளி மாதிரிப் பேசுது சென்னி. கோளாறு பொதியில இல்ல, இந்தப் பெட்டியில. எட்டு வேலைய ஒரே நேரத்துல செய்யச் சொன்னா அது என்ன பண்ணும்? ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். ஒவ்வொண்ணாச் செய்யின்னு சொல்லுங்க அம்மிணி, பொறவு பாருங்க."

ரெஜினா ஒரு தனியார் நிறுவனத்தில் தணிக்கையாளர். எதையும் மறுக்குமுன் ஒருமுறை செய்து பார்ப்பது அவர் வழக்கம். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. மூலையில் தாசில்தாரின் விசிறி மெல்ல எழுந்து, உறுமலாக உயர்ந்தது. ஒரு பில்டு முடிய ஒரு தேநீர்ப் பொழுது ஆகும். அந்த நேரத்தில் யாரும் தாசில்தாரைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஆக, பேக்கரி தேநீரும் தேங்காய் பன்னும் தாமோதரசாமியின் வாயும்தான் துணை.

நாற்காலி இன்னொரு சாண் நகர்ந்தது.

"ஒருக்கா இப்பிடித்தான், படம் வரையற பொதி ஒண்ணு. போட்டா பதினாலு எர்ரர். தொட்டுப் பாத்தேன், சிஸ்டம் கொதிக்குது. சூட்டுலதான் எர்ரர் ஊறும். பெட்டி, மானிட்டரு, கீபோர்டு எல்லாத்தையும் என்ற ஸ்கூட்டர்ல கட்டி ஊட்டிக்கு விட்டேன்."

"கரண்டு?" என்றார் ரெஜினா.

"ஸ்கூட்டர் எஞ்சின் எதுக்கு இருக்குது? மேட்டுப்பாளையம் தாண்டி மொத கொண்டை ஊசி வளைவு திரும்புறேன். ஸ்கிரீனப் பாத்தா பதிமூணு எர்ரர்தான்."

"வண்டி ஓட்டிக்கிட்டு ஸ்கிரீனப் பாத்தீங்களாக்கும்?"

"சைடு கண்ணாடியில பாத்தேன் அம்மிணி. பின்னால வர்ற லாரியையும் பாக்கோணும், பின்னால வர்ற எர்ரரையும் பாக்கோணும், அதுக்குத்தான கண்ணாடி. அடுத்த வளைவு, பன்னெண்டு. அதுக்கடுத்தது, பதினொண்ணு."

"அப்புறம்ணா?" என்றான் இப்ராகிம்.

நால்வரில் இளையவன் இப்ராகிம். பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவன். கெட்டிக்காரன்தான், ஆனால் அவனால் 'அப்புறம்' சொல்லாமல் இருக்க முடியாது. தாமோதரசாமியின் புளுகுகளுக்குப் பாதிப் பொறுப்பு இவனுடையது என்பது சென்னியப்பனின் நெடுநாள் முடிவு.

"அப்புறமென்ன, குன்னூர் எல்லையில எர்ரரே இல்ல. ஊட்டி பஸ் ஸ்டாண்டுல சுத்தமா பில்டு ஆயிருச்சு. ஒரே ஒரு கொறை. குளுருல கட்டுனதால பொதி வெறச்சுப் போயிருந்துச்சு. எறக்கி நிறுவுனவங்கெல்லாம் ரெண்டு நாள் மொட்டை மாடியில காய வச்சுத்தான் தெறந்தாங்க."

"திரும்பி எறங்குறப்ப வளைவுக்கு ஒரு எர்ரர் மறுபடி ஏறியிருக்குமே?" என்றார் சென்னியப்பன். கேட்ட பிறகுதான் தாமும் இப்ராகிமாகிவிட்டது அவருக்கு உறைத்தது.

"ஏறும். அது தெரியாதா எனக்கு? அதனாலதான் கோத்தகிரி வழியா வந்துட்டேன்."

"அந்த வழியிலயும் வளைவு இருக்குதுங்ணா."

"இருக்குது. ஆனா அதுல வர்றது எர்ரர் இல்ல சென்னி. வெறும் எச்சரிக்கை. அதையெல்லாம் நாம எப்பவும் பாக்கறதில்லையே?"

ரெஜினாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடியுமுன் மூலையில் விசிறி சட்டென்று தணிந்தது. சென்னியப்பனின் சிரிப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது. முழுதாக முடிந்த பில்டில் விசிறி கடைசியாக ஒருமுறை ஓங்கி, பிறகு இறங்கும். நடுவில் படுத்தால் தோல்வி.

ரெஜினா திரையின் கடைசி வரிகளைப் படித்தார். "சோதனை ஒன்று: பேசவில்லை. பில்டு தோல்வி. அதேதான்."

"அப்ப வேலைக முட்டிக்கறதுல கோளாறில்ல, ஒலியில," என்றார் தாமோதரசாமி, சற்றும் கலங்காமல். "விண்ணப்பத்துல ஒலி நூலகத்தை, அதான் சத்தம் எழுப்பற நிரல் தொகுப்பை, சேருங்க அம்மிணி. அது இல்லாம எப்பிடிப் பேசும்? எனக்கு அப்பவே ஒரு பொறி தட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கதை நடுவுல எப்பிடிச் சொல்றது?"

நூலகத்தைச் சேர்த்தார்கள். விசிறி மீண்டும் எழுந்தது. கீழே பட்டறையில் யாரோ புதுக் கிரைண்டரை ஓட்டிச் சோதித்தார்கள். தரை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்விலும் நாற்காலி நகர்ந்த ஒலி சென்னியப்பனுக்குத் தப்பவில்லை. இந்தமுறை இரண்டு சாண்.

"ஒண்ணையொண்ணு நம்பி நிக்கற பொதிகளைப் பத்தி உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? ஒரு கடிகாரப் பொதி. அதைக் கட்டோணும்னா மொதல்ல நாள்காட்டிப் பொதி வேணுங்குது. சரி போகுதுன்னு நாள்காட்டிகிட்டப் போனா, 'மொதல்ல கடிகாரத்தைக் கூட்டிட்டு வா'ங்குது."

"அது நிஜமாவே வர்ற சிக்கல்தான்," என்றார் ரெஜினா.

"கேட்டுக்க சென்னி, அம்மிணியே சொல்லுது!"

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். தாமோதரசாமி எழுப்பும் மாளிகைக்கு அடித்தளத்தில் எப்போதும் ஒரு நிஜச் செங்கல் இருக்கும். அதுதான் தொந்தரவே.

"ரெண்டும் சம்பந்தம் பேசற ரெண்டு வூட்டுக்காரங்க மாதிரி. அவுங்க சொல்லட்டும்னு இவுங்க, இவுங்க சொல்லட்டும்னு அவுங்க. நான் என்ன பண்ணேன்? கடிகாரத்துகிட்டப் போயி, 'நாள்காட்டி தயாராயிருச்சு, நீங்க தலையாட்டறதுதான் பாக்கி'ன்னேன். அதே சூட்டோட நாள்காட்டிகிட்டப் போயி, 'கடிகாரம் அங்க ரெடியா நிக்குது, நீங்க இன்னும் துணி மாத்தலையா'ன்னேன். ரெண்டும் ஒரே நேரத்துல கட்டி முடிஞ்சுது."

"இதுவும் ஓரளவு நிஜம். ஒண்ணுக்குப் பதிலா ஒரு பொம்மைய வச்சு மத்ததைக் கட்டுவாங்க," என்றார் ரெஜினா.

"அப்புறம்ணா?"

"அப்புறம் கல்யாணந்தான்! தொகுப்புல இருக்கற அத்தனை பொதியும் வந்துருச்சு. ஹார்டு டிஸ்குல எடம் பத்தல. வயசான பொதிகளுக்கெல்லாம் வெளிய பந்தல் போட்டேன். ஆளுக்கு ஒரு எலை நெனவகம் பரிமாறுனோம். இந்த உலாவி இருக்குது பாருங்க, அது மட்டும் பந்திக்குப் பந்தி உக்காந்து தின்னுபோட்டு இன்னும் பசிக்குதுன்னு நின்னுச்சு."

"அது இன்னிக்கும் அப்படித்தாங்ணா," என்றான் இப்ராகிம் உண்மையான வருத்தத்தோடு.

"பத்தாம் மாசம் அதுகளுக்கு ஒரு புள்ளை பொறந்துச்சு. அலாரம்! இன்னிக்கு ஊருல விடியக்காலம் அத்தனை பேரு தலைமாட்டுலயும் கத்துதே, அதுக்குப் பேரு வச்சது நானு. காதுல மூணு தடவ சொன்னேன். அதனாலதான் அது நிறுத்த நிறுத்த மறுபடியும் கத்துது."

விசிறி படுத்தது.

ரெஜினா கடைசி வரிகளைப் படிக்காமலே, "பேசவில்லை," என்றார். பிறகு, "மணி அஞ்சாகப் போகுது," என்றார்.

சென்னியப்பனுக்குத் தாசில்தாரின் மேல் கோபம் இல்லை. அது நேர்மையான கணினி. தாமோதரசாமியின் மேலும் முழுதாகக் கோபம் வரவில்லை. திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால், பக்கத்து அறைக்காரரிடம் போய், "சார், இந்தச் சுற்றறிக்கைய ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க," என்று நிற்பதை நினைத்துப் பார்த்தார். அவரும் படிப்பார். நல்ல மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தம் கருத்தையும் சொல்வார்.

"ஒரு சுலபமான வழி இருக்குது," என்றார் தாமோதரசாமி. "அந்தச் சோதனைய நிறுத்திப்போடுங்க. பில்டு பாட்டுக்கு ஆயிரும்."

"ஏனுங்ணா, ஊமைய ஊமையின்னு சொல்ல வேண்டாம்னு சொல்றீங்க, அவ்வளவுதான?" என்றார் சென்னியப்பன்.

"சோதனைய நிறுத்த மாட்டேன்," என்றார் ரெஜினா. "பேசாத மைனாவைக் கூண்டோட அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம். நிஜத்தைச் சொல்லுங்கண்ணா, உங்க வீட்டுல இது பில்டு ஆச்சா இல்லையா?"

தாமோதரசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலி ஒரே இழுப்பில் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"ஆச்சாவா? சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த மைனா என்ற வூட்டுல மட்டுந்தான் பில்டு ஆகும்! அமெரிக்காவுல ஆகாது, ஜப்பான்ல ஆகாது. எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டரக் கொண்டாந்தாலும் ஆகாது. தாமோதரசாமி வூட்டு வாசப்படிய மிதிச்சாத்தான் இது வாயத் தெறக்கும்!"

இப்ராகிம் பன் விக்கிச் சிரித்தான். சென்னியப்பனும், அந்த மனநிலையிலும், இத்தனை ஆண்டில் நாற்காலியிலிருந்து கேட்ட புளுகுகளில் முதலிடம் இதற்குத்தான் என்று மனத்துக்குள் மதிப்பெண் போட்டார்.

"சும்மா இன்னொரு தடவ போட்டுப் பாப்போமா?" என்றான் இப்ராகிம். இந்தத் தொழிலில் காரணம் புரியாதபோது எல்லாரும் செய்வது அதுதான். எதையும் மாற்றாமல் மறுபடி அனுப்பிவிட்டு, தாசில்தாருக்கு இந்தமுறை மனமிரங்கும் என்று காத்திருப்பது. வேறு வழி தோன்றாமல் ரெஜினா அனுப்பினார். விசிறி எழுந்தது.

நாற்காலி ஏற்கெனவே சுவரோடு ஒட்டியிருந்ததால் இம்முறை ஓசை வரவில்லை. அதனால் சென்னியப்பன் முன்னறிவிப்பில்லாமல் மாட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு தோல்வியா?" என்று ஆரம்பித்தார் தாமோதரசாமி. "ஒருக்கா தொகுப்புல இருக்கற அத்தனை பொதியும் ஒண்ணா விழுந்துருச்சு. ஒலகமே நின்னு போச்சு. பில்டுல என்ன நடந்துச்சுன்னு வரி வரியாப் பதிவாகுமே, அந்தப் பதிவு எவ்வளவு நீளம் தெரியுமா? அச்சடிச்சு அவினாசி ரோட்டுல விரிச்சேன்..."

இதற்கு மேல் தாங்காது என்று சென்னியப்பன் முடிவு செய்தார். மடிக்கணினியை முன்னால் இழுத்து, இரண்டு காதிலும் காதொலிப்பான்களைச் செருகினார். கேட்பதற்கு ஏதாவது வேண்டும். கைக்கு அகப்பட்டது சற்று முன் தோற்ற பில்டின் பதிவு. வழக்கமாக அவரும் மற்றவர்களைப் போலக் கடைசி வரிகளுக்குத்தான் தாவுவார். தோல்வி அங்கேதானே எழுதியிருக்கிறது? இன்று அவருக்குத் தேவைப்பட்டது நீளம். ஆகவே முதல் வரியிலிருந்து ஓடவிட்டார். பழைய மைனா, தன் வாரிசு பிறக்காமல் போன வரலாற்றைப் படபடவென்று படிக்கத் தொடங்கியது.

பதிவு என்பது இலக்கியமல்ல. இதைத் தேடினேன், இருக்கிறது. அதைத் தேடினேன், இருக்கிறது. இந்தக் கோப்பை எந்திர மொழிக்கு மொழிபெயர்த்தேன். அந்தக் கோப்பை மொழிபெயர்த்தேன். ஆனாலும் அது ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை. அன்றைய பிற்பகலில் அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

காது வலித்து ஒரு பக்கத்துக் காதொலிப்பானை எடுத்தபோது, "...லாரிக்காரன் ஒருத்தன் அந்தப் பேப்பர் மேல ஏத்திட்டான், நாலு பொதிக்கு முதுகுல டயர் அச்சு, இன்னிக்கும் பாக்கலாம்..." என்று கேட்டது. உடனே மாட்டிக்கொண்டார்.

இதைத் தேடினேன், இருக்கிறது. எச்சரிக்கை. எச்சரிக்கை. அந்தக் கோப்பை இணைத்தேன்.

மறுபடி எடுத்தார். "...படிச்சுக்கிட்டே நடக்கறேன். சூலூர் பிரிவு வந்துருச்சு, இன்னும் எர்ரரக் காணம். ஒரு வரி விடாம படிக்கோணும் சென்னி, அதுதான் தொழில் சுத்தம். கடைசி வரிய மட்டும் பாக்கறவன் எல்லாம்..."

மாட்டினார். இருக்கிறது. இருக்கிறது. குரல் கோப்பைத் தேடினேன்.

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குரல் கோப்பைத் தேடினேன்: முதன்மை அடைவு, இல்லங்கள், தாமு, பதிவிறக்கம், புதுசு, மைனா குரல். இல்லை. தொடர்கிறேன்.

ஒரு வரி பின்னால் போய், வேகத்தைக் குறைத்து, மறுபடி கேட்டார். பிறகு காதொலிப்பானின் கம்பியைப் பிடுங்கினார். அறை முழுதும் கேட்கும்படி மைனா நிதானமாகச் சொன்னது: "இல்லங்கள். தாமு. பதிவிறக்கம். புதுசு. மைனா குரல். இல்லை. தொடர்கிறேன்."

"...திருப்பூர்ல பனியன் கடை வாசல்லதான் அந்த எர்ரரப் புடிச்சேன், இடுக்கியில எடுத்துக் கடாசுனதும்..." என்று சொல்லிக்கொண்டிருந்த தாமோதரசாமி பாதியில் நிறுத்தினார்.

"அண்ணா," என்றார் ரெஜினா மெதுவாக, "குரல் கோப்பு எங்க இருக்குதுன்னு எழுதுனீங்க?"

"அது... புதுப் பதிப்புல குரல் தனியா வருது. என்ற சிஸ்டத்துல எறக்கி வச்சேன். அந்த எடத்தையே திருத்தத்துல எழுதிட்டனாட்ட இருக்குது."

பாவம், தாசில்தார். குரலை எடுத்துவரச் சொன்னால், தாமோதரசாமியின் வீட்டுக் கணினியில், அவருடைய சொந்த அடைவான 'தாமு' கோப்புறையில், பதிவிறக்கக் குப்பைக்குள் போய்த் தேடச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வீடு தாசில்தாரின் உலகத்தில் இல்லை. இல்லை என்று அது ஒவ்வொரு முறையும் நடுப்பக்கத்தில் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. கடைசி வரியை மட்டும் படித்த நால்வரும்தான் கேட்கவில்லை.

சென்னியப்பன் கேட்டார்: "அப்ப உங்க வூட்டுல மட்டுந்தான் பில்டு ஆகும்னு சொன்னது..."

"அமெரிக்காவுல ஆகாது," என்றான் இப்ராகிம், பயபக்தியோடு. "ஜப்பான்லயும் ஆகாது."

"ஐயோ, அது நிஜம்!" என்றார் ரெஜினா.

திருத்தம் ஒரு வரிதான். குரல் கோப்பு நொய்யல் தொகுப்பிலேயே தனிப் பொதியாக இருந்தது. தாமுவின் வீட்டு முகவரியை அழித்துவிட்டு, அந்தப் பொதி வேண்டும் என்று ரெஜினா விண்ணப்பத்தில் எழுதினார். ஓடிக்கொண்டிருந்த பில்டை நிறுத்திவிட்டுப் புதிதாக அனுப்பினார். மணி ஐந்தரை தாண்டியிருந்தது. இது தோற்றால் இன்னொன்றுக்கு நேரமில்லை.

விசிறி எழுந்தது. யாரும் பேசவில்லை. தாமோதரசாமிகூடப் பேசவில்லை. தேநீர் தீர்ந்திருந்தது. கீழே கிரைண்டரும் நின்றிருந்தது. அமைதி கனத்துக்கொண்டே போய், சென்னியப்பனின் மார்பில் அம்மிக்கல் போல உட்கார்ந்தது. ஒவ்வொரு நொடியும் விசிறி படுக்கப்போகிறது என்றே தோன்றியது. வழக்கமாகப் படுக்கும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா," என்றார் கடைசியில், பொறுக்கமாட்டாமல். "ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது சென்னி?" தாமோதரசாமியின் குரல் சிறுத்திருந்தது.

"அந்த எர்ரர இடுக்கியில எடுத்தீங்களே. அப்புறம்ணா?"

அறையில் ஒரு சிறு கிறீச்சொலி. குட்டு வெளிப்பட்டபோதே முன்னால் நகர்ந்துவிட்ட நாற்காலி, நம்பிக்கையில்லாமல் அரைச் சாண் பின்னே வந்தது.

"எடுத்துக் கடாசுனதும் அத்தனை பொதியும் ஒரே நேரத்துல பில்டு ஆயிருச்சு. தொம்முனு ஒரு சத்தம். ஊரே குலுங்கிப் போச்சு. அடுத்த நாள் பேப்பர்ல லேசான நில அதிர்வுன்னு போட்டிருந்தாங்க. நான் மறுப்பு ஒண்ணும் குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

"தற்பெருமை எனக்குப் புடிக்காதே சென்னி."

அவர்கள் சிரித்த சிரிப்பில், விசிறி படுக்க வேண்டிய இடத்தைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. சென்னியப்பனுக்கே அது பிறகுதான் தெரிந்தது. ஒலி ஓங்கியது, இன்னும் ஓங்கியது, பிறகு, மாடியேறி வந்தவர் மூச்சு வாங்குவதைப் போல, மெதுவாக இறங்கியது.

"சோதனை ஒன்று," என்று ரெஜினா படித்தார். "பேசியது."

இப்ராகிம் மேசையில் ஓங்கித் தட்டினான். சென்னியப்பன் குவளையை எடுத்து, காலியென்று தெரிந்தும் குடித்தார்.

தாமோதரசாமியின் நாற்காலி சுவரில் இடித்தது. ஆள் முழுதாகத் தேறிவிட்டார்.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. சென்னி எதுக்கு அந்தப் பதிவை மேலருந்து கேட்டாரு? என்ற கதையத் தாங்க முடியாம. என்ற கதை மட்டும் கொஞ்சம் நல்லா இருந்திருந்தா, இன்னிக்கு மைனா போயிருக்கும். அதுக்குன்னே கணக்குப் பண்ணித்தான் அந்த அவினாசி ரோட்டுக் கதைய அத்தனை மோசமாச் சொன்னேன். அப்பேர்ப்பட்ட மோசமான கதைய வேற ஆரு சொல்லுவா?"

"அத நம்பறேனுங்ணா," என்றார் சென்னியப்பன்.

ஒவ்வொரு பொதியோடும், இந்தமுறை என்ன மாறியது என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். ரெஜினா எழுதினார். ஆறு மணிக்குச் சற்று முன் பட்டியலை மூடிவிட்டு, புதிய மைனாவைச் சென்னியப்பனின் கணினியில் ஏற்றி, முதல் வேலையாக அந்த வரியைப் படிக்கச் சொன்னார்.

பழையதைவிடக் கொஞ்சம் தெளிவான குரலில், யாரையும் கேலி செய்யும் எண்ணமே இல்லாமல், மைனா படித்தது:

"மாற்றம்: இந்தப் பொதி இனித் தாமோதரசாமியின் வீட்டுக்கு வெளியிலும் பில்டு ஆகும்."

தாமோதரசாமி அந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எல்லாஞ் செரி அம்மிணி," என்றார். "அந்த வூடுங்கறத மட்டும் பங்களான்னு மாத்திப்போடுங்க. ஒலகமே படிக்கும்."